இருபத்தெட்டு அங்குலம்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளை மீடியம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பெண்களுக்கான மீடியம் சட்டை எதுவானாலும், முதல் மாதிரியை அவள் உடம்பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை வெட்டுவார்கள். பதினோரு வருடமாக இதுதான் வேலை. கடல் தாண்டி அந்தச் சட்டை போட்ட எவளாவது தும்மினால் இங்கே மீடியம் அக்காவின் தோள் குலுங்கும் என்று கட்டிங் மாஸ்டர் கதை விடுவார். பாதிப் பேர் நம்பவும் செய்தார்கள்.

இடுப்பு இருபத்தெட்டு அங்குலமாக இருக்கிறவரைக்கும்தான் அந்த வேலை. தவறினால் இஸ்திரிப் பிரிவு. முன்பு ஆறு வருடம் அங்கே நீராவியில் நின்று, கால் நரம்பு புடைத்து, ஒருநாள் வெடித்து, செருப்பு நிறைய ரத்தத்தோடு வீடு போய்ச் சேர்ந்தவள் அவள். இன்னொரு தடவை நின்றால் கால் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

நாற்பது தாண்டியதும் இடுப்பு யார் பேச்சையும் கேட்கவில்லை. இருபத்தொன்பது ஆயிற்று, முப்பது ஆயிற்று.

சந்தையில் ஒருத்தி ரப்பர் பட்டை விற்றுக்கொண்டிருந்தாள். "வயித்துல இறுக்கிக் கட்டிக்க கண்ணு. கொழுப்பெல்லாம் உருகி வேர்வையா ஓடிரும்."

விலாவிலிருந்து இடுப்புவரை கொக்கி போட்டு இறுக்கினாள். வேர்வை ஆறாக ஓடியது. பட்டையின்மேல் டேப்பைச் சுற்றினால் சொல்லிவைத்தாற்போல் இருபத்தெட்டு! அதன் பிறகு கழற்றவே பயம், தூங்கும்போதும் கட்டினாள். மூன்று கவளத்துக்கு மேல் சோறு இறங்காது. இறங்கியதும் புளித்துக்கொண்டு மேலே வரும். பசி அடங்காமல் நாள் முழுக்க இனிப்பு பிஸ்கட்டைக் கொறித்தாள். நாலு படி ஏறினால் உட்கார வேண்டும். ஒரு மூச்சு வேண்டுமென்றால் மனு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும் போலிருந்தது. நடந்து போன தூரத்துக்கு பஸ் ஏறினாள். நாலு மாதம் கழித்துப் பட்டையை அவிழ்த்து அளந்தால், முப்பத்திரண்டு.

தொழிற்சாலை நர்ஸம்மாவிடம் போய் அழுதாள்.

"அடிப்பாவி, அடுப்ப நாலு பக்கமும் அடைச்சுட்டு நெருப்பு எரியலன்னு அழறியா?"

"அப்போ கொழுப்பு உருகலயா?"

"போனதெல்லாம் தண்ணி. ரெண்டு சொம்பு குடிச்சா திரும்ப வந்துடும். மூச்சும் இல்லாம, அசைவும் இல்லாம கெடக்கற உடம்பு எதைச் செலவழிக்கும்? கழட்டிப் போடு. நட, வேளைக்குச் சாப்பிடு. ஆறு மாசத்துல கொஞ்சம் இறங்கும்."

"எனக்கு ஆறு நாளுதான் இருக்கு, நர்ஸம்மா."

சட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வரப்போகிறார். 'பார்க்க அழகு, போட்டால் மூச்சு முட்டுகிறது' என்று புகார்கள் குவிந்திருந்தன. மூச்சுக்கென்று மாஸ்டர் எப்போதும் அரை அங்குலம் விட்டுத்தான் வெட்டுவார். பட்டை கட்டிய நாளிலிருந்து இவள் நெஞ்சு விரிந்ததே இல்லை. "சரியா இருக்காம்மா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் பிடிக்கலாம் மாஸ்டர்" என்றாள். அவரும் பிடித்துப் பிடித்து, அந்த அரை அங்குலத்தை முழுங்கிவிட்டார்.

திங்கட்கிழமை அதிகாரி அம்மாள் அவளுக்குச் சட்டையை மாட்டி, "நல்லா மூச்ச இழுங்க" என்றார்.

தோளைத் தூக்கிக் காட்டினாள்.

"தோள இல்லம்மா. மூச்ச."

மாஸ்டர் முகம் வெளுத்தது. "தப்பு எங்கிட்டதான் இருக்கும் மேடம். எங்க மீடியம் பொய் சொல்லாது."

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. திரைக்குப் பின்னால் போய்க் கொக்கிகளைக் கழற்றிவிட்டு வந்து, நாலு மாதத்து மூச்சையும் ஒன்றாக இழுத்தாள். ஒரு பட்டன் பக்கத்தில் நின்ற மேனேஜரின் டீக்குள் விழுந்தது. இன்னொன்று ஜன்னல் வழியாகப் பறந்தது. அதை இன்னும் தேடுகிறார்களாம். யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி அம்மாள் டேப்பைச் சுற்றினார்.

"இருபத்தெட்டுன்னே போட்டுக்கங்களேன் மேடம்," என்று மாஸ்டர் கெஞ்சினார்.

"முப்பத்திரண்டு," என்று அவளே சொல்லிவிட்டாள். "மாஸ்டர் மேல தப்பில்லங்க."

சாயங்காலமே மாற்றல் கடிதம் வந்துவிட்டது.

"என் காலு, மாஸ்டர்..."

"எனக்குத் தெரியாதாம்மா? மூணு தடவ மேல போய்க் கேட்டுட்டேன். இஸ்திரில மட்டுந்தான் எடம் இருக்காம்."

செவ்வாய்க்கிழமை காலை அவள் இஸ்திரி மேசை முன் நின்றாள். மூச்சு தாராளமாக வந்தது, நீராவியும் சேர்ந்து. பத்து மணிக்குக் கணுக்கால் கனத்தது. பதினொன்றுக்குள் பழைய நரம்பு சுருட்டிக்கொண்டு எழும்பியது.

"என்னக்கா, உக்காரணுமா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"உக்காந்தா எழுப்பிடுவாங்கல்ல?"

"ஆமா."

"சாப்பாட்டு மணி எப்போ?"

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டு, அவள் அடுத்த சட்டையை விரித்தாள்.