ஆதிலா முகம் செய்கிறாள்

தம்பி றிஸ்மி அமெரிக்காவுக்குப் போனது ஆறு வருடத்துக்கு முன்னால், நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், ஒரு வியாழக்கிழமை. அன்றிலிருந்து சாய்ந்தமருதில் விடிந்தால் ஆதிலாவுக்கு நியூயோர்க்கில் இருட்டும். கடைசி மூன்று வருடமாக, அழகுநிலையத்தின் கதவைத் திறந்து, பிரஷ்களைக் கழுவி வெயிலில் பரப்பும்போதே, "இப்ப அங்க கூட்டம் சேருற நேரம்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். என்ன கூட்டம் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அவள் மணப்பெண்களுக்கு முகம் செய்கிறவள். கிறீமின் நிறத்தைத் தன் முன்கையில்தான் பூசிப் பார்ப்பாள். மாலையானால் அந்தக் கையில் ஐந்தாறு பெண்களின் நிறம் இருக்கும். "மூச்ச விடுகா, மூக்கு ஓடிப் போகாது" என்று அதட்டியே பெண்களைச் சிரிக்க வைப்பாள். மனசு சரியில்லாவிட்டால் மட்டும் புருவப் பென்சிலைச் சீவத் தொடங்குவாள். கூராக இருந்தாலும் சீவுவாள்.

"அக்கா, அதுவும் கட்டையாப் போச்சு. தம்பிட ஊரில மழையா, புயலா?" என்று கேட்பாள், கல்முனையிலிருந்து வந்து தலை அலங்காரம் செய்யும் அன்ரனிற்றா.

"ஒண்ட வாயிலதான் புயல். அங்கால போ."

மூன்று வருடத்துக்கு முன் மருதமுனைப் பெண் ஒருத்தி கதிரையில் உட்கார்ந்து போனை நீட்டினாள். "ராத்தா, இந்தப் பொம்புளட கண்ணப் போல செய்து தாங்க. நியூயோர்க்காம்."

பொன் பூசிய இமை, நெற்றிக்கு ஏறிய புருவம், இடுப்பு வரை பின்னல், மேடை வெளிச்சம். தாடையில், பூச்சையும் மீறி ஒரு தழும்பு. எட்டு வயதில் றிஸ்மி கிணற்றுக்கட்டில் விழுந்தபோது ஆதிலா தன் முந்தானையால் அழுத்திப் பிடித்த இடம் அது.

"என்ன ராத்தா, ஏலாதா?"

"ஏலும்" என்றாள். அன்று தம்பியின் கண்களோடு ஒரு மணப்பெண் மருதமுனையில் கலியாணத்துக்கு இருந்தாள். எல்லோரும் புகழ்ந்தார்கள். இவள் புருவப் பென்சிலைச் சீவினாள். இந்தப் போனில் இருக்கிற படம் இன்னும் எத்தனை போனில் இருக்கும்?

அதன் பிறகு இணையத்தில் அந்தப் படம் இருந்த பக்கத்தை ஒரு நாளும் பார்க்காமல் விட்டதில்லை. இங்கே நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது அவன் அங்கே மேடையில் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருப்பான். நியூயோர்க்கின் குவீன்ஸில் சின்னதொரு மதுச்சாலை. அவன் குடிப்பதில்லை என்பதைக் கிளாசின் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். தலை மழித்த பெண்கள், கைகோத்து நிற்கும் ஆண்கள், வீட்டாரால் துரத்தப்பட்டு இவன் சோபாவில் படுத்திருந்த பங்களாதேஷ் பொடியன் என்று எல்லோரையும் அவளுக்குத் தெரியும். யாருக்குப் பிறந்தநாள், யார் யாரோடு கோபம் என்பதுகூடத் தெரியும். றமழானில் அந்தக் கூட்டம் முழுவதும் அவன் குசினியில் நெருக்கியடித்து இருந்து நோன்பு திறந்தது. தம்பி பெரிய சட்டியில் கஞ்சி கிண்டுகிறான். "றம்பை எல போடல்ல, மடையன்" என்று போனைப் பார்த்துத் திட்டினாள்.

பிறகு தங்கை ஸுஹைறாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. வாப்பா சுனாமியில் போனவர். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு வலீயாக இருந்து கையளித்துக் கொடுக்க வேண்டியவன் கூடப்பிறந்தவன். இருக்கிறது றிஸ்மி ஒருவன்தான். கலியாணப் பதிவான காவினை எழுதும் அச்சிமுகம்மது ஹாஜியார் தீர்மானமாகச் சொன்னார்: "வீடியோவில முகத்தக் கண்ணால காணணும். சாட்சிக்காரரும் காணணும். அப்பதான் அவருக்குப் பதிலா நான் முடிச்சிக் குடுக்க வக்காலத்து."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸருக்குப் பிறகு காவின். அங்கே அப்போது காலை ஆறரை. சனி இரவின் ஆட்டம் முடிந்து கழுவித் துடைத்து இருப்பான் என்று ஆதிலா கணக்குப் போட்டாள். "ஆறரைக்கு ரெடியா இரிப்பன்" என்று அவனும் சொன்னான். அன்று விடியற்காலை அந்த நாடு தன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளும் என்பதை இருவருமே நினைக்கவில்லை. ஆகவே அவனுடைய மணிக்கூட்டில் அப்போது ஐந்தரைதான் ஆகியிருந்தது.

பெண்கள் அறையில் இருந்து அவள்தான் முதலில் தம்பிக்கு வீடியோ அழைப்பு எடுத்துப் பார்த்தாள். திரையில் அந்த முகம் முழுதாக வந்தது. இமை, உதடு, கன்னத்துப் பொன் எல்லாமே. பின்னால் யாரோ முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையால் முகத்தை மூடப் போனான். எதை மூடுவது என்று தெரியாமல் கை நடுவில் நின்றது.

"என்ன புள்ள, வலீ அம்பிட்டாரா?" கூடத்திலிருந்து ஹாஜியாரின் குரல். மாப்பிள்ளையின் வாப்பா வாசலுக்கே வந்துவிட்டார்.

"லைன் வெட்டுது ஹாஜியார்! பத்து நிமிசம்!"

கதவைச் சாத்தி, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தேங்காயெண்ண இரிக்கா அங்க? முதல்ல எண்ண. சோப்பப் போட்றாத, கண் செவந்திரும்."

முட்டை பொரித்த ஆள், நல்ல உயரம், எண்ணெய்ப் போத்தலோடு ஓடி வந்து அவன் தாடையைப் பிடித்துத் துடைக்கத் தொடங்கினார். அவர் துடைத்த விதம் ஆதிலாவுக்குப் பொறுக்கவில்லை. "கீழ இழுக்காம, வெளியால! வெளியால துடைக்கச் சொல்லு அந்த ஆள." பங்களாதேஷ் பொடியன் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி இவனுக்கு வைத்துவிட்டான்.

கூடத்துக்குக் கொண்டுபோன போனில் றிஸ்மி தங்கையின் பெயரையும் வாப்பாவின் பெயரையும் தடுமாறாமல் சொல்லி வக்காலத்துக் கொடுத்தான். ஹாஜியார் திரைக்குக் கிட்டக் குனிந்தார். "கண்ணெல்லாம் செவந்து கிடக்கே மகன். ராவேலையா?"

"ஓம் ஹாஜியார், ராவேலதான்."

அவன் காது மடலில் ஒரு பொன் துகள் மின்னியது. ஆதிலா மாப்பிள்ளையின் வாப்பாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வை வேறு பக்கம் போனது.

காவின் முடிந்தது. மறுநாள் அவனுடைய அந்த இணையப் பக்கமும் இல்லாமல் போயிற்று. அவன் ஸுஹைறாவுக்கு மட்டும் பேசினான். ஆதிலாவின் அழைப்பை எடுக்கவில்லை. ஊர் கண்டுபிடித்துவிடும் என்று பயந்தவளுக்கு இப்போது தம்பியை இழந்துவிடுவோம் என்ற பயம். பொழுது பட்டால் கண்ணாடியைப் பார்த்துக் கதைத்தாள்: "ஒரு ஸலாம்கூடச் சொல்லல்ல நான். எண்ணெயத்தான் சொன்னன்."

"ஆருக்கக்கா எண்ணெய்?" என்பாள் அன்ரனிற்றா. பென்சில்தான் தேயும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிட்ட, ஒரு மணப்பெண்ணின் வலக்கண்ணை முடித்து இடக்கண்ணுக்குப் போகும்போது போன் அதிர்ந்தது. தம்பி எழுதியிருந்தான்.

"ராத்தா, தனியவா இரிக்கிறீங்க? ஒரு ஆள ஒழுங்காக் காட்டணும். அண்டைக்கு எண்ண தொடச்ச ஆள்தான்."

கடையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஆதிலா "ஓம்" என்று எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "எல்லாரும் கொஞ்சம் வெளியால நில்லுங்க" என்றாள்.

"என்ன ஆதிலா, பாதி மூஞ்சோடயா?" மணப்பெண்ணின் தாய் பதறினாள்.

"பாதியோடதான் மாமி. அன்ரனி, கூட்டிக்கிட்டுப் போ."

தாழ்ப்பாளைப் போட்டாள். மணப்பெண்கள் இருக்கும் கதிரையில் தானே உட்கார்ந்து, அவர்கள் முகத்துக்கென்று வைத்த வட்ட விளக்கைத் தன் பக்கம் திருப்பி, வீடியோ அழைப்பை அழுத்தினாள்.