யாழினிக்கு நான் ஊட்டியது

அந்தோணியாரை நம்பி வரும் நம் கோயில் மக்களுக்கு, நீலசந்திராவிலிருந்து ஆரோக்கியமேரி எழுதுவது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இதை எழுத நாலு நாள் ஆயிற்று. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

முப்பது வருஷமாக, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். மேரியம்மாவிடம் விட்டால் கவலை இல்லை என்று தெருவே சொல்லும். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் என் வாயைக் கட்டிப்போட்டது.

மாடியில் குடிவந்த மஞ்சுளா சேலத்துப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மகள் யாழினிக்கு அப்போது ஒன்றரை வயது. கேழ்வரகுக் கூழும் பருப்புச் சோறும் டப்பாவில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். குழந்தை அதைத் துப்பும். நான் பேக்கரி பன்னைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவேன், சமர்த்தாக விழுங்கும். டப்பாச் சோற்றை நானே தின்றுவிட்டுக் கழுவி வைப்பேன். சாயங்காலம் மஞ்சுளா கேட்டால், எல்லாம் சாப்பிட்டது என்பேன்.

இரண்டு வயது தாண்டியதும் பிள்ளை இளைத்தது. கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பிக்கொண்டது. மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையாக, வீடே நாறும்படி நாளைக்கு நாலைந்து தடவை போயிற்று. ஓடி விளையாடியவள் மடியை விட்டு இறங்காமல் சிணுங்கினாள். போன வருஷத்துக் கவுன் அந்த வருஷமும் சரியாக இருந்தது. பூச்சி என்றேன். கண்திருஷ்டி என்றேன். ஒரு நாள் மஞ்சுளாவிடம், "நீ ஆறு மாசத்துலயே பால நிறுத்திட்ட. அதான் புள்ளைக்குத் தெம்பு இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனாள். நினைத்தால் இன்னும் கூசுகிறது.

பிள்ளைக்காக ஒன்பது செவ்வாய் கோயிலுக்குப் போவதாக வேண்டிக்கொண்டேன். கோயிலில் கொடுக்கும் மந்திரித்த ரொட்டியை மருந்தாக நினைத்து அவள் வாயில் வைத்தேன். பன் போதாதென்று அதுவும்.

நடுவில் மஞ்சுளா லீவு போட்டு மூன்று வாரம் சேலத்தில் இருந்தாள். திரும்பியபோது குழந்தை சிரித்தது. வயிறு வற்றியிருந்தது. ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்றாள். எனக்கு ஏதோ உறுத்தியது. அதை ஒதுக்கிவிட்டு மறுநாளே பன் ஊறவைத்தேன். ஒரு மாதத்தில் பழையபடி ஆயிற்று.

குழந்தை டாக்டரிடம் நானும் கூடப் போனேன். சப்பாத்தி, பன், பிஸ்கெட் என்று கோதுமை எதுவும் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். "இல்ல டாக்டர், நாங்க சோறு, களிதான்" என்றாள் மஞ்சுளா. அப்படியென்றால் வேறு காரணம் பார்க்கலாம் என்று வேறு பரிசோதனை எழுதினார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த செவ்வாய் ஒன்பதாவது. ஆண்டவரே, இந்தப் பிள்ளையை எது தின்கிறது என்று காட்டும் என்று முழங்காலில் நின்று அழுதேன். குரல் ஒன்றும் கேட்கவில்லை. ரொட்டி வாங்கக் கை நீட்டினேன். டாக்டர் கேட்ட கேள்விதான் நெஞ்சில் வந்து நின்றது. ஆண்டவர் முன்பே காட்டிவிட்டார். மறைத்து வைத்திருந்தவள் நான்.

அன்றைக்கே மாடி ஏறினேன். டப்பாச் சோற்றைத் தின்றது வரை எல்லாம் சொன்னேன். மஞ்சுளா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்கள நம்பித்தானே ஆன்ட்டி விட்டுட்டுப் போனேன்."

"ஆமாம்மா."

"என் பால் பத்தாமதான் இப்படி ஆச்சுன்னு தினம் அழுதேனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டு, பன் விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். பிறகு மயக்கம் கொடுத்து, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். சீலியாக் என்றார்கள். கோதுமை உள்ளே போனால் அந்த நோய் உள்ள பிள்ளைகளின் குடல் கெட்டுப்போகுமாம். ஆயுசுக்கும் கோதுமை, மைதா, ரவை, பார்லி கூடாது. பன்னால் வந்த நோய் இல்லை, உடம்பின் தன்மை என்று டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். ஆனால் நான் சொல்லியிருந்தால் பல மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

கோயில் ரொட்டியும் இனி யாழினிக்குக் கூடாது என்று ஃபாதரிடம் பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். "ரொட்டி பசிச்சவங்களுக்கும்மா. அந்தப் புள்ளைக்கு உங்க ஜெபம் போதும்" என்றார்.

இரண்டு மாதம் மஞ்சுளா பிள்ளையை விடவில்லை. அது நியாயம். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை கூட்டிக்கொண்டு வந்தாள். கன்னம் உப்பி, கவுன் இறுகிப்போயிருந்தது. டப்பாவை என் கையில் கொடுத்து, "சாப்பிடலன்னா சாப்பிடலன்னு சொல்லுங்க ஆன்ட்டி. அது போதும்" என்றாள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று யாழினியின் டாக்டர் சொன்னார். ஊட்டியதை ஒன்று விடாமல் சொல்லுங்கள். சொல்லத் தைரியம் இல்லையென்றால் அதையே கேட்டு மன்றாடுங்கள். எழுபது வயதில் எனக்கே அதைக் கொடுத்த ஆண்டவர், உங்களுக்கும் கொடுப்பார்.