திறக்காமல் போட்ட ஒன்பது

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘எட்டு’. முகத்துக்கு நேரே எட்டு சார், முதுகுக்குப் பின்னால் வெறும் எட்டு. தொலைபேசித் துறையில் ஒயர்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். பதினோரு வருடமாக அந்த வார இதழின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில் கிடார்களுக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். ஒலிக்குப் பத்து, வேலைப்பாட்டுக்குப் பத்து, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்பதற்குப் பத்து. இதில் எதற்குமே எட்டைத் தாண்டி அவர் கை போனதில்லை. அவர் கல்யாணத்துக்கே எட்டுதான் போட்டிருப்பார் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். ஏழரைதான் போட்டார் என்பாள் மனைவி.

கிடார் வந்தால் கழுத்துக் கட்டையை ஒற்றைக் கண்ணால் தச்சனைப் போல நோட்டம் பார்ப்பார். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி, எங்கே இரைகிறது என்று குறித்துக்கொள்வார். ஆம்ப்ளிஃபயர் வந்தால் பின்பக்கப் பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து, உள்ளே ஓடும் ஒயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பலகையைக் கழற்றாமல் அவர் எழுதியதே கிடையாது. அந்த ஒரு தடவை தவிர.

ஒரு புருஷனும் பெண்டாட்டியுமாகத் தகரக் கொட்டகையில் வைத்துச் செய்யும் சின்ன ஆம்ப்ளிஃபயர் அது. பதினைந்து வாட்தான். காலையில் ஒரு தந்தியை மீட்டியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குரல்வளையிலிருந்து வருவது போல ஒரு ஒலி. மெதுவாக வாசித்தால் கூடவே தணிந்தது, அழுத்தி வாசித்தால் கரகரத்தது. சாப்பாட்டை மறந்து மூன்று மணி நேரம் வாசித்தார். திருப்பி எடுத்துப் போகிற கூரியர்காரர் கதவைத் தட்டிய பிறகுதான் பலகையைக் கழற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வெளியே மூலைமுடுக்கெல்லாம் இழைத்து இழைத்துச் செய்திருந்தார்கள். உள்ளே மட்டும் வேறு மாதிரியாகவா இருக்கப்போகிறது என்று கொடுத்தனுப்பிவிட்டார். ஒலிக்கு ஒன்பது போட்டார். வேலைப்பாட்டுக்கும் ஒன்பது போட்டு, ‘உள்வேலையும் சுத்தம்’ என்று ஒரு வரி எழுதினார். எட்டு சார் ஒன்பது போட்டுவிட்டார் என்று அலுவலகமே இரண்டு நாள் பேசியது.

நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அந்தக் கடிதம் வந்தது. எழுதியவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தங்கைக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கொடுத்தாராம். போன ஞாயிறு அவள் வாசித்துக்கொண்டே பாடுவதற்காக மைக்கிடம் வாயைக் கொண்டுபோயிருக்கிறாள். உதட்டில் சுருக்கென்று அடித்ததில் கிடாரைக் கீழே போட்டுவிட்டாள். ‘உள்ளே சுத்தமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நாங்கள் ஏதாவது தவறாகச் செய்கிறோமா?’ என்று கேட்டு, கீழே தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார்.

எட்டு சார் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். உடனே கூப்பிட்டு, தான் வரும்வரை சுவிட்சைப் போடவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். வேன்காரருக்கு வியாழக்கிழமைதான் ஒழிவு.

வியாழன் வருவதற்குள் எட்டு சார் பாதி ஆளாகிவிட்டார். பழைய இதழை எடுத்து அந்த வரியைப் படிப்பார், மூடுவார், கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுப்பார். அந்த மாடலை எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? அதில் எத்தனை பேர் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று வாசிப்பார்கள்? தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போய் நின்றார். சோற்றைப் பிசைந்தவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

மனைவி ரத்தச் சுத்திகரிப்பு வார்டில் நர்ஸ். நோயாளியைப் படுக்க வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குழாயையும் இரண்டு தடவை பார்க்கிறவள். இரண்டு நாள் பார்த்துவிட்டு, புதன்கிழமை தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து என்னவென்று கேட்டாள். அவர் சொன்னார்.

“பாக்காமலேயே எழுதிட்டீங்களா?”

“வெளிய அவ்வளவு சுத்தமா இருந்துச்சு.”

“எங்க வார்டுலயும் எல்லா மெஷினும் வெளிய சுத்தமாத்தான் இருக்கு” என்றாள். மறுநாள் காலையில் அவர் கிளம்பும்போது டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு வைத்திருந்தாள்.

வேன்காரர் வீடு மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஆம்ப்ளிஃபயரை நாற்காலியில் வைத்திருந்தார்கள். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் தங்கை, அவரைக் கண்டதும் தன்னையறியாமல் உதட்டைத் தொட்டுக்கொண்டாள். அடிபட்ட கிடாரின் ஓரத்தில் வண்ணம் பெயர்ந்திருந்தது.

மைக் ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியில் இணைந்திருந்தது. அந்தப் பெட்டியின் பிளக் சுவரில் இருந்தது. ஆம்ப்ளிஃபயரோ தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் இன்னொன்றை மைக்கின் வலையிலும் வைத்தார். எண் எண்பத்தேழு வோல்ட்டில் போய் நின்றது. வேன்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பிடுங்கித் திறந்து பார்த்தார். உள்ளே இரண்டே ஒயர். கசிகிற மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் ஒயரே இல்லை. ஆம்ப்ளிஃபயரைச் சுவர் சாக்கெட்டிலேயே நேராக மாட்டி மறுபடி வைத்துப் பார்த்தார். மீட்டரில் எண் பூஜ்யத்துக்கு இறங்கியது.

போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. தப்பு எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான், ஆம்ப்ளிஃபயரில் இல்லை என்றார். சொல்லும்போது குரல் அவருக்கே கேட்கக் கூசுகிற அளவுக்குக் குதித்தது. அந்தப் பெட்டிக்கு ஒயர் போட்டதே தான்தான் என்று வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று ஒயர் போட்ட நல்ல பெட்டி எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, எட்டு சார் மீட்டரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

அப்போதுதான் தங்கை கேட்டாள். “அப்ப உள்ள எல்லாம் சரிதானே சார்? நீங்கதான் பாத்துட்டீங்களே.”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். படியிறங்கிப் போய்விடலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. அவர் பையை மறுபடி தரையில் வைத்தார்.

“இல்லம்மா. நான் பாக்கல. பாக்காமதான் எழுதினேன்.”

அவர் பிளக்கைப் பிடுங்கினார், கொஞ்ச நேரம் காத்திருந்தார், பலகையின் எட்டுத் திருகாணியையும் கழற்றினார். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தபோது ஒயர்கள் எல்லாம் வரிசையாக, அழகாகத்தான் ஓடின. பச்சை எர்த் ஒயரை மட்டும் திருகாணி போட்டு முடுக்காமல் இரும்புச் சட்டத்தில் வெறும் ஈயத்தால் பற்ற வைத்திருந்தார்கள். பேனா முனையால் லேசாக நெம்பினார். ஒயர் கையோடு வந்துவிட்டது. ஈயம் ஒட்டியிருந்ததே தவிர, இரும்பைப் பிடிக்கவில்லை.

ஒயரை விரலில் பிடித்தபடி அவர் யோசித்துப் பார்த்தார். இவர்கள் நல்ல பெட்டியாக வாங்கி மாட்டியிருப்பார்கள். நாளைக்கோ அடுத்த வருடமோ, நாற்காலியை நகர்த்தும்போது இந்த ஒயர் விட்டிருக்கும். எல்லாம் சரி என்று ஒருவர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார் என்ற தைரியத்தில் இந்தப் பெண் மைக்கிடம் போயிருப்பாள். இதையெல்லாம் மறைக்காமல் அவர்களிடம் சொன்னார்.

வேன்காரர் கழன்ற ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைதான் பேசினாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கில் விட்டுப்போன ஒன்றைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

“பாக்கலன்னு எழுதியிருந்தீங்கன்னா, நாங்க வேற யாரையாவது விட்டுப் பாக்கச் சொல்லியிருப்போம் சார்.”

மாடிப்படியில் நின்றபடியே கொட்டகைக்குப் போன் போட்டார். எடுத்த புருஷன் பாதி கேட்டதுமே போனைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டார். இந்த ஒன்றில் மட்டும்தானா, இல்லை எல்லாவற்றிலுமா என்று கேட்டாள். தெரியாது என்றார். கையிருப்பு முப்பதையும் திறந்து பார்த்துவிட்டு மாலையில் அவளே கூப்பிட்டாள். மூன்றில் ஒயர் கையோடு வந்ததாம். விற்றவை மொத்தம் நூற்று அறுபது, அத்தனையும் அவர் ஒன்பது போட்ட பிறகு போனவை. எல்லாவற்றையும் திருப்பிக் கேட்கப்போகிறோம் என்றாள். அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

வார இதழின் ஆசிரியை அவரைவிட இருபது வயது சின்னவள். அவர் எழுதிக் கொண்டுபோன திருத்தத்தைப் படித்துவிட்டு, இரண்டாவது வரியை மட்டும் எடுத்துவிடலாம் என்றாள். ‘நான் உள்ளே திறந்து பார்க்காமலேயே சுத்தம் என்று எழுதினேன்’ என்பது அந்த வரி. குறை இருப்பது தெரியவந்தது என்று போட்டால் போதாதா, பதினோரு வருடப் பெயர் ஒரே வாரத்தில் போய்விடுமே என்று அவருக்காகவே கெஞ்சினாள். அது இல்லாமல் மற்றது வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

அப்படியே வந்தது. வந்த கடிதங்களில் பாதி ஏச்சு. இனி எந்த மதிப்பெண்ணை நம்புவது என்று கேட்டிருந்தார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. பக்கம் மூன்று மாதம் நின்றது. திரும்பத் தொடங்கியபோது ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று எழுதத் தொடங்கினார். இரண்டாவது பட்டியல் சில வாரம் நீளமாகவே இருந்தது. வேன்காரர் தங்கையின் ஆம்ப்ளிஃபயர் திருகாணி முடுக்கித் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அவள் அதற்குப் பிறகு பாடும்போது கிடாரைத் தொடுவதில்லை என்று அண்ணன் சொன்னார். முதலில் வாசிப்பாளாம், நிறுத்திவிட்டுத்தான் பாடுவாளாம்.

நூற்று அறுபதில் நூற்று ஐம்பத்தெட்டு கொட்டகைக்குத் திரும்பி வந்தன. மீதி இரண்டை வாங்கியவர்கள் பெயரும் கொடுக்கவில்லை, எண்ணும் கொடுக்கவில்லை. அவற்றின் வரிசை எண்களை வாரா வாரம் தன் பக்கத்தின் அடியில் கட்டம் கட்டிப் போட்டு, வைத்திருப்பவர்கள் சுவிட்சைப் போட வேண்டாம் என்று எழுதினார். ஒன்பதாவது வாரம் ஒருவர் கூப்பிட்டார். மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் தூங்குகிறது, பிரிக்கவே இல்லை என்றார்.

இன்னொன்றைப் பற்றி இதுவரை தகவல் இல்லை. கட்டம் வந்துகொண்டிருக்கிறது.