கழுத்துவரை பின்னிய படம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதில் வரும் நேரங்களில் ஒன்றுகூட என் கற்பனை அல்ல. எந்த வரியை எத்தனை மணிக்குப் பின்னி முடித்தேன் என்று, மாதிரிப் படம் வரைந்த தாளின் ஓரத்தில் குறிப்பது என் வழக்கம். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

1979 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. விடுமுறைக் காலம். குவாட்டர்ஸில் நான் மட்டும். முன்னறை மேசையில் ஜப்பான் பின்னல் மெஷின் பூட்டியிருந்தது. வரிசையாக இருநூறு ஊசிகள். அவற்றின் மேல் இடமும் வலமும் தள்ளுகிற ஒரு வண்டி. ஒரு தள்ளுக்கு ஒரு வரி. படம் போட்ட ஸ்வெட்டர்கள் பின்னி நுவரெலியாவில் ஒரு கடைக்குக் கொடுத்துவந்தேன். அவற்றைப் பார்த்த ஒருவர், உடுத்துவதற்கு அல்ல, கொழும்பு ஓவியக் கண்காட்சியில் சுவரில் மாட்டுவதற்கு ஓர் ஆளுயரப் படம் கேட்டிருந்தார்.

படத்துக்கு நின்றவள் சண்முகவடிவு. கொழுந்து பறிப்பவள். அந்த மலையில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி.

"போட்டோ புடிச்சாலே ஆயுசு கொறையும்பாங்க. நீங்க என்னய முழுசா பின்னி முடிச்சிட்டா, நான் எதுக்கு டீச்சர்? தோட்டத்து செக்றோல் புஸ்தகத்துல என் பேர வெட்டிறலாமே" என்று சிரிப்பாள்.

படம் காலிலிருந்து மேலே வளரும். முகத்தை மட்டும் அவளை உட்காரவைத்து வரைய வேண்டியிருந்தது. மழை கனத்து வேலை நின்றால் ஓடைப்பக்கக் குறுக்குப்பாதையில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

2.35. வரி 402. இடுப்பு முடிந்தது. வெளியே மழை. மூட்டத்தில் வாசல் மரம்கூடத் தெரியவில்லை. தேத்தண்ணி வைக்க எழுந்து போனேன்.

2.40. சர்ரக்.

முன்னறையிலிருந்துதான். ஒரே ஒரு தடவை. வடிவு வந்து விளையாடுகிறாள் என்று நினைத்துப் போனேன். யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வரி எண்ணும் கருவியில் 403.

நான்தான் தவறாகக் குறித்திருப்பேன் என்று உட்கார்ந்தேன். கைப்பிடியைத் தொடப் போனேன்.

வண்டி தானாக நகர்ந்தது. சர்ரக்... 404.

இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். அது என்னையும் சேர்த்து இழுத்தது. பள்ளத்திலிருந்து மூட்டையைக் கயிறு கட்டி ஏற்றுவதுபோல் அப்படியொரு கனம்.

கதவைத் திறந்து, "வடிவு!" என்று கூப்பிட்டேன். மழைச் சத்தம் மட்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயம் அரை மைல் தள்ளி. மெஷினை அப்படியே விட்டுப் போகப் பயந்து உள்ளே திரும்பினேன்.

3.25. வரி 478. பின்னலின் முதுகுதான் பின்னுபவரைப் பார்த்து இருக்கும். படத்தைப் பார்க்க மேசைக்கு அடியில் போக வேண்டும். டார்ச்சோடு குனிந்து போனேன்.

நான் வரைந்திருந்தது கொழுந்துக் கூடையும் தொங்கவிட்ட இரண்டு கைகளும். அங்கே கூடை இல்லை. கைகளும் இல்லை. ஒரு ஆம்பளைச் சட்டை இருந்தது. பையில் சதுர ஒட்டு. வடிவின் புருஷன் வீரய்யாவின் பழைய சட்டை. மழை நாளில் மட்டும் அவள் போடுவது.

அதை நான் வரையவே இல்லை.

என் தலைக்கு மேலே... சர்ரக்... சர்ரக்...

4.05. தோள் வந்தது. அங்கிருந்து கைகளும் தொடங்கின.

மேலே தூக்கிய கைகள்.

4.15. வரி 560. கழுத்து.

இனி முகம்தான். அதுவும் வந்துவிட்டால் வடிவு போய்விடுவாள். அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னது அப்போது எனக்குச் சிரிப்பாக இல்லை.

நூலை எடுத்துவிட்டு வெறும் வண்டியைத் தள்ளினால், எல்லா ஊசிகளும் ஒரே நேரத்தில் பின்னலை விட்டுவிடும். புதிதாகப் பழகுபவர்கள் செய்கிற தவறு அது. நான் தெரிந்தே செய்தேன். வண்டி ஓரத்தில் திரும்பிய நொடியில் நூல்களை வெட்டினேன்.

தள்ளினேன்.

4.17.

படம் முழுதும், அடியில் தொங்கவிட்ட எடைக் கட்டிகளோடு தடாலென்று தரையில் விழுந்தது.

வண்டி நின்றது. அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று அழுதேன்.

ஐந்தரைக்கு வீரய்யா நனைந்தபடி வந்து நின்றார். வடிவு ஓடைச் சரிவில் விழுந்து கிடந்தாளாம். நாலேகாலுக்கு மேல் அலறல் கேட்டதாக, கீழே விறகு பொறுக்கியவர்கள் சொன்னார்களாம்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு இருந்தது. ரெண்டு மணிக்கே வேலை நின்று, என்னிடம் வரக் கிளம்பியிருக்கிறாள்.

"வழுக்குனதும் யாரோ புடிச்சுக்கிட்டாங்க டீச்சர். ரொம்ப நேரம்... கொஞ்சம் கொஞ்சமா மேல இழுத்தாங்க. பாத வெளிம்பு கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சு. தல ஒண்ணுதான் மேல வரணும்..."

மூச்சு வாங்கினாள்.

"பொறகு எல்லாரும் ஒரேயடியா விட்டுட்டாங்க. ஏன் டீச்சர்?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விடிவதற்குள் வடிவு இறந்துவிட்டாள்.

எட்டாம் நாள் வீரய்யா வந்தார். அவளைக் குளிப்பாட்டிய பெண்கள் சொன்னதைப் பற்றி என்னிடம் கேட்கத்தான் வந்திருந்தார். இரண்டு மணிக்கட்டிலும் சுற்றிவர ஊசி குத்திய தடங்களாம். வரிசையாக... அளந்து வைத்ததுபோல் ஒரே இடைவெளியில்.

"அது என்னா தடம் டீச்சர்? ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.