முக்கால் பவர் பொறாமை

கண்ணாடிக் கடைக்காரர், தன் மனைவி ஒரு நாவலைப் படிக்கக் கூடாது என்பதற்காகவே தப்பான பவரில் கண்ணாடி மாட்டிவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பி, பேருந்து நிறுத்தத்திலிருந்து தபால் அலுவலகம் வரை போய்த் திரும்பி வந்தது. போகும்போது கண்ணாடியாக இருந்தது, வரும்போது கண்ணில் விடும் சொட்டு மருந்தாகியிருந்தது. இன்னொரு சுற்று போயிருந்தால் அந்த அம்மாளுக்குக் கண்ணே போயிருக்கும். அதற்குள் விசாரித்துவிடுவது நல்லது என்று பட்டது.

விசாரித்ததில், சொட்டு மருந்து பொய். கண்ணாடி மெய். ஆனால் அந்த மெய்க்குள் போனால், ஊர் சொன்னதைவிடக் கொஞ்சம் கேவலமாகவும் கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

கடைக்காரரை எல்லோரும் ‘பவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே கேள்வி: “இதுல தெளிவா இருக்கா, இல்ல இதுலயா?” தூக்கத்தில்கூட அதைத்தான் கேட்பார். ஒருமுறை கல்யாண வீட்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்து வாழ்த்தப் போய் இதையே கேட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். அதை விசாரிக்கவில்லை. நம்ப ஆசையாக இருந்தது.

அவருடைய எதிரியின் பெயர் மாளிகைக்காரன். ‘பன்னிரண்டாம் ஜன்னல்’ என்ற நாவலின் நாயகன். அந்த நாவல் நூறு வருடத்துக்கு மேலாக அச்சில் இருக்கிறது. கதை ஒன்றும் கம்பசூத்திரமில்லை. மலைமேல் ஒரு மாளிகை. திரைச்சீலை தைக்க ஓர் இளம் தையல்காரி வருகிறாள். பதினோரு ஜன்னலுக்கு அளவெடுத்து, தைத்து, மாட்டிவிட்டு வெளியே வந்து அண்ணாந்து எண்ணினால் ஜன்னல் பன்னிரண்டு. மாளிகைக்காரனோ ஆறடி. வாயைத் திறந்து பேசமாட்டான். இடது கையுறையைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டான். அவ்வளவுதான்.

இந்த ‘அவ்வளவுதா’னுக்காகத்தான் நாற்பது தாண்டிய பெண்கள் அவர் கடைக்கு வருகிறார்கள் என்பது பவரின் கட்சி. லென்சைச் சோதிக்க ஓர் அட்டை வைத்திருக்கிறார். குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பதன் அவசியம் பற்றி அதில் பொடி எழுத்தில் ஒரு பத்தி. இரண்டு வரி வாசித்துவிட்டு, “அட்டை வேணாங்க, இதுலயே பாத்துக்கறேன்” என்று கைப்பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுப்பார்கள். எல்லோரும் திறப்பது ஒரே பக்கம், ஜன்னல்களை எண்ணும் பக்கம். கணக்கு ஆசிரியை அப்படித்தான். பிரசவ வார்டு நர்ஸ் அப்படித்தான். ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். வீட்டில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மருமகள் புதுக்கண்ணாடி வழியே அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். மாமியார், “எனக்கும் அந்த எடம்தான்” என்றார். பவர் அட்டையை எடுத்து மேசைக்குள் போட்டார். ஊரில் ஒற்றுமையைக்கூட அவன்தான் உண்டாக்குகிறான்!

ஊர்ப் பெண்கள் போகட்டும். அவர் மனைவியும் அந்தக் கட்சிதான்.

மனைவிக்கு மருத்துவமனையில் பதிவேட்டு அறை உத்தியோகம். நோயாளிகளின் கோப்புகளை எண் வாரியாக அடுக்கி, கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். பதினேழு வயதில் முதல்முறை அந்த நாவலைப் படித்தவர், அன்றிலிருந்து வருடா வருடம் முதல் மழை விழுந்ததும் அலமாரியிலிருந்து அதை எடுத்துவிடுவார். காக்கி அட்டை நான்குமுறை மாறிவிட்டது. படித்து முடிக்க ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வீட்டில் பவருக்குக் கிடைப்பது ஒரேயொரு ‘ம்’.

“உப்பு கம்மியா இருக்கே.”

“ம்.”

“பக்கத்து வீடு தீப்பிடிச்சு எரியுது.”

“ம். மேசை மேல வச்சிடுங்க.”

பவர் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு வாரம் மாளிகைக்காரன் மாதிரி மௌனமாக இருந்து பார்த்தார். மனைவி மூன்றாம் நாள், “பல்லு வலியா? கிராம்பு வைக்கவா?” என்று கேட்டார். மர்மம் வேண்டுமே என்று ஓர் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “சாவியக் குடுங்க, போர்வை உள்ள இருக்கு” என்று மர்மம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. புத்தகத்தை மட்டும் அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. எதிராளி வீட்டுக்கு யாராவது விருந்துக்குப் போவார்களா?

கடையில் லென்ஸ் தேய்ப்பது மனைவியின் தம்பி. அவனிடம் ஒருநாள் புலம்பினார்.

“மச்சான், ஆறடி வளர்ந்து என்ன பிரயோஜனம்? ஒரு பல்பு மாத்தத் துப்பில்ல. அதான் பன்னெண்டாவது ஜன்னல் இருட்டாக் கெடக்கு.”

“மாமா, அது நூறு வருஷத்துக் கதை. அப்ப ஏது பல்பு?”

“நீயும் படிச்சிருக்கியா?”

மச்சான் லென்சை மும்முரமாகத் தேய்த்தான்.

இந்த வருடம் மனைவிக்கு நாற்பத்தாறு. பழைய கண்ணாடியில் கிட்டத்து எழுத்து மங்க ஆரம்பித்தது. பவரே நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்தார். இரண்டு கண்ணுக்கும் சரியாக இரண்டு பவர். கடைக் கார்டில் இரண்டு என்று எழுதினார். வெளியே அந்த வருடத்தின் முதல் மழை தகரக் கூரையில் தடதடவென்று விழுந்தது. மனைவியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது யாருக்கான சிரிப்பு என்று பவருக்குத் தெரியும். தேய்ப்பதற்காக மச்சானுக்குப் போகும் லென்ஸ் சீட்டை எடுத்து, அதில் ஒன்றேகால் என்று எழுதினார்.

“மாமா, கார்டுல ரெண்டுன்னு இருக்கு. சீட்டுல ஒண்ணேகால் போட்டிருக்கீங்க?”

“மொதல்ல கொஞ்சம் கம்மியாப் போட்டுப் பழகட்டும்டா. எடுத்த எடுப்புல முழுசாக் குடுத்தா தலை சுத்தும்.”

தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டுதான். கால் பவர் குறைப்பார்கள். மிஞ்சினால் அரை. முக்கால் குறைத்ததாக எந்தக் கடையிலும் சரித்திரமில்லை. மச்சான் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேய்த்துக் கொடுத்தான்.

ஐந்தாம் பக்கத்திலேயே மனைவி புத்தகத்தை மூடிவிட்டார். “எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருதுங்க. தலை வலிக்குது.”

“பழகிடும், பழகிடும்.”

அதன்பிறகு வந்த பதினோரு நாளைப் போல் ஒரு சுகம் அவர் கண்டதில்லை. அவர் தும்மினால் மனைவி திரும்பிப் பார்த்தார். கடையில் நடந்ததைச் சொன்னால் “அப்புறம்?” என்று கேட்டார். மழை பெய்கிறது, புத்தகம் அலமாரியில், மனைவி எதிரில். மாளிகைக்காரன் ஆறடியோடு இருட்டில் கிடந்தான்.

பன்னிரண்டாம் நாள் மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். ஒரு கோப்பின் எண்ணில் எட்டை மூன்றாகப் படித்து வேறு அலமாரியில் வைத்திருக்கிறார். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஆளின் கோப்பு. இரண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கண்காணிப்பாளர் அம்மாள் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டார். இருபது வருடத்தில் முதல் மெமோ.

“எனக்கு வயசாயிடுச்சுபோலங்க,” என்றார் மனைவி. “இனிமே எனக்கு அந்த எடம் சரிப்படாது. வாசல்ல டோக்கன் குடுக்கற வேலைக்கு மாத்திக் கேக்கப் போறேன்.”

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். பவர் திறக்கவில்லை. மௌனம் தேவையில்லாத நாளில்தான் அவருக்கு மாளிகைக்காரனின் மௌனம் அச்சு அசலாக வந்தது.

மனைவியோடு வேலை பார்க்கும் பெண் விடவில்லை. “டோக்கன் குடுக்கப் போறதுக்கு முன்னாடி கண்ணைக் காட்டிட்டுப் போங்கக்கா” என்று மாடியில் இருந்த கண் டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டரம்மா கண்ணாடியை வாங்கிக் கருவியில் வைத்துப் பார்த்தார்.

“இது ஒண்ணேகால். உங்களுக்கு ரெண்டு வேணும். யாரு போட்டுக் குடுத்தது?”

“எங்க வீட்டுக்காரர்.”

“மொதல்ல ஆளை மாத்துங்கம்மா.”

அன்று மாலை மனைவி கடைக்கே வந்தார். மச்சான் சட்டென்று பின்னறைக்குள் போய், தேய்க்க ஒன்றுமில்லாத இயந்திரத்தை ஓடவிட்டான். மனைவி கடைக் கார்டையும் லென்ஸ் சீட்டையும் கேட்டு வாங்கி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டு. ஒண்ணேகால்.”

“கைத்தவறு,” என்றார் பவர்.

“ரெண்டைப் போய் யாராவது ஒண்ணேகால்னு எழுதுவாங்களா? ஒத்த எண்ணுக்கு மூணு எண்ணும் ஒரு புள்ளியும் எழுதற மாதிரி ஒரு கைத்தவறு உண்டா?”

“வேலை அதிகம்… கூட்டம்…”

“சரி,” என்றார் மனைவி. அந்த ‘சரி’க்கு அவர் கத்தியிருக்கலாம்.

அடுத்த நாள் கடையின் பெயர் அச்சிட்ட தாளில் பவர் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்: கவனக்குறைவால் இரண்டுக்குப் பதில் ஒன்றேகால் பவரில் கண்ணாடி கொடுத்தது என் பிழை, ஊழியரின் பிழை அல்ல. மெமோ வாபஸ் ஆயிற்று, மனைவி தன் அலமாரிகளிடமே திரும்பினார். ஆனால் கண்காணிப்பாளர் அம்மாளும் அந்த நாவலின் வாசகி, மனைவி முதல் மழைக்கு அதை எடுப்பதும் அவருக்குத் தெரியும். ஒன்றேகால், முதல் மழை, பன்னிரண்டாம் ஜன்னல் என்று மூன்றையும் கூட்டிப் பார்க்க அவருக்கு அரை நிமிடம் போதுமானதாக இருந்தது. “என்னம்மா, உங்க வீட்டுக்காரர் மாளிகைக்காரனுக்கு பயந்துட்டாரா?” என்று அவர் சிரித்த சிரிப்பு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தே போய்ச் சேர்ந்தது. பேச்சு கிளம்பிய கதை இதுதான். மச்சானைச் சந்தேகப்பட்டவர்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

மனைவி வீட்டில் ஒரேயொரு தண்டனை விதித்தார்.

“புதுக் கண்ணாடி ஆபீசுக்கு. புத்தகத்துக்கு நீங்க. இந்த வருஷப் படிப்பைக் கெடுத்தது நீங்கதானே? மொதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நீங்கதான் வாசிச்சுக் காட்டணும்.”

ஆக, பவர் எதிராளி வீட்டுக்குள் நுழைந்தார். தினமும் விளக்கேற்றும் நேரத்தில் ஒரு மணி நேரம். புத்தக ஓரங்களில் பென்சில் கோடுகள் இருந்தன. எல்லாம் அவனைப் பற்றித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். நாற்பது பக்கம் தாண்டியும் அவன் வரும் ஒரு வரியின் அருகிலும் கோடு இல்லை. அழுத்தமான கோடு ஓர் அறைக்குத்தான் இருந்தது. தையல்காரிக்குக் கொடுத்த சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். ‘அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை’ என்று முடிகிறது அந்தப் பத்தி.

“அந்த எடத்தை இன்னொரு தடவை வாசிங்க,” என்றார் மனைவி, கண்ணை மூடிக்கொண்டு.

வாசித்தார். வாசிக்க வாசிக்கப் பழைய எரிச்சல் போய்ப் புதிதாக ஒன்று வந்தது. ஓர் ஆண்பிள்ளையோடு என்றால் மல்லுக்கட்டலாம். ஒரு கட்டிலோடும் தாழ்ப்பாளோடும் எங்கே போய் மல்லுக்கட்டுவது? கல்யாணமான இருபத்துநான்கு வருடமாகத் தன் மனைவி மழைக்கு மழை ஓடிப்போனது ஆளிடம் இல்லை, ஆளே இல்லாத ஓர் இடத்துக்கு என்று தெரிந்தபோது, அவருக்கு ஆறடிக்காரன்மேல் லேசாகப் பாசம்கூட வந்தது. பாவம், அவனையும் யாரும் சட்டை செய்யவில்லை.

அந்தப் பாசம் ஒரு வாரம்தான். முன்கூட்டியே கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவைப்போம் என்று ஒருநாள் மனைவி குளிக்கப் போன நேரத்தில் புரட்டினார். பன்னிரண்டாம் ஜன்னல் அவன் தங்கையின் அறையாம். வெளியூரிலிருந்து அவளுக்கு வந்த கடிதங்களை எல்லாம் அவன் எரித்திருக்கிறான், இடது கையைச் சுட்டுக்கொண்டது அப்போதுதான். கடைசி நாலு பக்கத்தில் கையுறையைக் கழற்றித் தையல்காரியிடம் சொல்கிறான்: ‘கைத்தவறு என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். இல்லை. தெரிந்தேதான் செய்தேன். படித்துவிட்டால் என்னை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன்.’

பவர் புத்தகத்தை மூடினார். ‘செய்தேன்’ என்று எழுதியிருப்பதைத் தன் வாயால் ‘செய்தேன்’ என்றுதான் வாசிக்க வேண்டும். எதிரில் மனைவி உட்கார்ந்திருப்பார். முப்பதுமுறை படித்தவருக்கு அங்கே என்ன வருகிறது என்று தெரியாதா? முதல் பக்கத்திலேயே தெரியும். அன்று கடையில் ‘சரி’ என்றபோதே தெரியும்.

அதைவிட வயிற்றெரிச்சல், அந்தப் பாவி அதை எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டான் என்பது. மூன்றே மூச்சில். தனக்கு வாய்த்தது ‘வேலை அதிகம், கூட்டம்’.

மிச்சத்தையெல்லாம் ஒழுங்காக வாசித்து முடித்தார். அந்த நாலு பக்கம் வந்ததும் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் கடையில் சரக்கு வந்தது. அதற்கு மறுநாள் மின்சாரம் போனது. போகவில்லை என்றும் மச்சான் சொல்கிறான்.

மழைக்காலம் முடிந்து நாலு மாதமாகிறது. புத்தகம் அலமாரிக்குப் போகாமல் மேசைமேலேயே இருக்கிறது. மனைவிக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, தானே எடுத்துப் படித்துக்கொள்ளலாம். படிக்கவில்லை.

“அவசரமில்ல. நாலே பக்கம்தானே பாக்கி?” என்பார். “எப்ப முடியுதோ அப்ப வாசிங்க.”

நேற்றுகூட விளக்கைப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். பவர் புத்தகத்தை எடுத்தார், சரியான பக்கத்தைத் திறந்தார், தொண்டையைச் செருமினார். மாளிகைக்காரன் கையுறையைக் கழற்றும் வரி வரைக்கும் வந்தார்.

“மிச்சம் நாளைக்கு” என்றார்.

“ம்” என்றார் மனைவி.