குடிக்காமல் வைத்த கோப்பை

முஃப்லிஹ் வாத்தியாருக்கு வாய் நீளம். அரபு நாட்டுத் தஃபீலா மலைச்சரிவில் இருக்கும் அந்தச் சிற்றூரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் படியில் பத்துப் பதினோரு பேரோடு நின்றுகொண்டு, மந்திரியிலிருந்து முனிசிபாலிட்டி வரை ஒருவரையும் விடாமல் வறுத்தெடுப்பார். எதிரே ஜீப்பில் சாய்ந்தபடி தலை எண்ணும் போலீஸ்காரன் அவரிடம் படித்தவன்தான். "சார், வெயில் ஏறுது, சீக்கிரம் முடிங்க" என்பான். "ஏன், வெயிலையும் உங்க அமைச்சரவைதான் அனுப்புதா?" என்பார் இவர். கூட்டம் சிரிக்கும். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

அவர் அதிகமாகத் திட்டியது சிபாரிசைத்தான். ஊரில் பாதிப் பிள்ளைகள் பட்டம் வாங்கிவிட்டு அரசு வேலைப் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பட்டியல் நகரவே நகராது. நகர்ந்தால் அது யாரோ ஒரு பெரிய மனிதரின் மருமகனுக்காகத்தான் நகர்ந்திருக்கும். முஃப்லிஹின் மகள் ருதைனா கணிதம் படித்துவிட்டு ஒன்பது வருஷமாகக் காத்திருந்தாள். அடுத்த வீட்டு அவ்வாத் ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை செய்பவர். அவர் மகள் தஹானியும் அதே கணிதம், அதே ஒன்பது வருஷம். மாவட்டப் பட்டியலில் தஹானி முதல் இடம், ருதைனா நாலாவது இடம். இரண்டு பெண்களும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒரே போனில் அந்தப் பட்டியலைத் திறந்து திறந்து மூடுவார்கள்.

ஒருநாள் பகல் சாப்பாட்டின்போது ருதைனா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க பேரு கெடக் கூடாதுன்னு என் வயசு போகுதுப்பா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. வாய் நீளமான மனுஷன் அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

அந்த மாதம்தான் ஊர்த் தகப்பன்மார்கள் கூடி ஒரு மனு தயாரித்தார்கள். பட்டியல் வரிசைப்படிதான் வேலை கொடுக்க வேண்டும், தாண்டி யாரையும் ஏற்றக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். எழுதியது முஃப்லிஹ். நாற்பத்தாறு கையெழுத்து, முதல் கையெழுத்து அவ்வாத்துடையது. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அபூ நவ்வாஃப் முஃப்லிஹுக்குப் பங்காளி முறை. கொள்ளுத்தாத்தாக்கள் அண்ணன் தம்பிகள். "நீ கொண்டுபோய்க் குடு. உன்னை அவனால உதறித் தள்ள முடியாது" என்று அவ்வாத் மனுவை மடித்து அவர் கோட்டின் உள்பையில் தானே வைத்துவிட்டார்.

அபூ நவ்வாஃபின் விருந்தினர் கூடத்தில் அன்று இருபத்தைந்து பேராவது இருப்பார்கள். சுவரோரம் மெத்தைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காப்பி வந்தது. முஃப்லிஹ் வலது கையில் கோப்பையை வாங்கிக்கொண்டார். மனுவோ இடது பக்க உள்பையில் இருந்தது. அதை எடுக்க வலது கை வேண்டும். கோப்பையை அப்படியே தரையில் வைத்தார்.

கூடம் சட்டென்று அடங்கிப்போனது. வந்தவன் முதல் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தால் அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒன்று கேட்க வந்திருக்கிறேன், தருவதாகச் சொன்னால்தான் குடிப்பேன். வீட்டுக்காரன் தர மறுத்தால் அவன் மானம் அந்தக் கோப்பையோடு போயிற்று. குழந்தைக்கும் தெரிந்த இந்த வழக்கம் வாத்தியாருக்கு அந்த ஒரு நொடி எப்படி மறந்ததோ. மறதிதான் என்று பின்னால் எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அவராலேயே நம்ப முடியவில்லை.

"பங்காளி, நம்ம வீட்டுக் காப்பி ஆறலாமா?" என்றார் அபூ நவ்வாஃப். "கேளுங்க. கேட்டது கிடைச்ச மாதிரிதான்."

முஃப்லிஹின் விரல் மனுவின் மடிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதை நீட்டினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆண்டவன் நாடினால் பார்ப்போம் என்பார், யாரோ வாங்கிக்கொள்வார்கள், மேஜை இழுப்பறைக்குப் போகும். ஆனால் ஒரே ஒரு ஆளுக்கு ஒரே ஒரு இடம் என்றால், இருபத்தைந்து பேர் சாட்சியாக, இந்த மனுஷனால் மறுக்கவே முடியாது. கையை வெறுமையாக வெளியே எடுத்தார்.

"என் பொண்ணு ருதைனா. கணித ஆசிரியை வேலை" என்றார்.

"இவ்வளவுதானா? குடிங்க பங்காளி, குடிங்க."

குடித்தார். சுற்றி இருந்தவர்கள் வாழ்த்தினார்கள்.

தெருமுனையில் அவ்வாத் காத்துக்கொண்டிருந்தார். "குடுத்தியா?"

"குடுத்தேன்."

"என்ன சொன்னான்?"

"பாக்குறேன்னு சொன்னான்."

பொய் இத்தனை லேசாக வரும் என்று முஃப்லிஹ் நினைக்கவில்லை. மனு கோட்டுப் பையிலேயே கிடந்தது. கிழிக்க மனம் வரவில்லை, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க முகமும் இல்லை.

இருபது நாளில் ருதைனாவுக்கு வேலை வந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடம். போனை வைத்தவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்து பிறகு சுருங்கியது. "எனக்கு முன்னாடி மூணு பேரு இருந்தாங்களேப்பா."

"அவங்க வேற வேலைக்குப் போயிருப்பாங்க."

"தஹானி போகலையே."

அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மனைவி நஜாஹ் தெருவுக்கே குனாஃபா இனிப்புச் செய்து கொடுக்க வேண்டும் என்று தட்டை எடுத்தாள். வேண்டாம், சத்தம் காட்டாதே என்று தடுத்துவிட்டார். "ஒன்பது வருஷம் கழிச்சுப் பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்கு. வீடு என்னமோ துக்க வீடு மாதிரி இருக்கு" என்று அவள் முணுமுணுத்தாள். ருதைனா விடிந்ததும் பஸ் ஏறினாள். பயிற்சி வகுப்புக்குப் போகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் படியில் நிற்க முடியாதபடி அவருக்கு முழங்கால் வலித்தது.

மூன்றாவது வாரம் அவ்வாத் வந்தார். புருவத்தில் ரொட்டி மாவு அப்படியே ஒட்டியிருந்தது. கையில் தஹானியின் சான்றிதழ்.

"இடம் நிரம்பிடுச்சாம். விசாரிச்சேன். யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. எவனோ குறுக்கே புகுந்து தன் ஆளைத் தள்ளிட்டான். ஒரு புகார் எழுதிக் குடு முஃப்லிஹ். உன்னை விட்டா எனக்கு யாரு?"

இந்த இடத்தில் மனுஷன் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். கேட்டீர்களா இந்தக் கூத்தை. கையெழுத்து வழக்கம்போல முத்து முத்தாக வந்தது.

"திருடன்னு போடு" என்றார் அவ்வாத்.

"புகார்ல அப்படியெல்லாம் எழுதக் கூடாது."

"ஏன்? என் பொண்ணோடத எடுத்தவன் திருடன் இல்லாம வேற யாரு?"

முஃப்லிஹ் அந்தச் சொல்லை எழுதினார்.

"எழுதாதீங்கப்பா." பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த ருதைனா வாசலில் நின்றிருந்தாள். தோளில் பை. "சித்தப்பா, அந்த இடத்துல இருக்கறது நான்தான். அப்பா கேட்டு வாங்கினாரு."

அவ்வாத் அவளைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். "அப்போ அந்த மனு?"

"கோட்டுல இருக்கு" என்றார் முஃப்லிஹ்.

காறித் துப்பட்டும் என்று அவர் காத்திருந்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். தெருவில் நின்று ஊர் கேட்கத் திட்டினால்கூடத் தேவலை, நெஞ்சு பாரமாவது இறங்கும். அவ்வாத் அதில் ஒன்றும் செய்யவில்லை. முஃப்லிஹின் மடியிலிருந்த காகிதத்தை மெதுவாக எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நானா இருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பேன்" என்றார். "எனக்கு அங்க பங்காளி இல்ல, அவ்வளவுதான்."

பிறகு நாற்பது வருஷமாக நீ, வா, போ என்று பேசிப் பழகிய மனுஷன், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "நீங்க சொன்னா அவரு கேக்கறாரு. தஹானி பேரையும் ஒரு வார்த்தை போட்டு வைப்பீங்களா? சின்ன வேலையா இருந்தாலும் சரி. ஆபீஸ்ல கிளார்க்கு வேலைகூடப் போதும்."

ருதைனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்றேன்" என்றார் முஃப்லிஹ்.

அவ்வாத் முகம் தெளிந்தது. எழுந்து, இரண்டு கையாலும் முஃப்லிஹின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். தெருவில் எவன் காதிலும் இது விழாது, தன்னை நம்பலாம் என்றார். முஃப்லிஹுக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தெம்பு இல்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.