பெட்டிக்கு முன்னால் மூச்சு விடக் கூடாது

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் அக்கா அந்த வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறப்பார். காலை ஏழு மணி. விதைக்கடையின் பின்புறம், நாலு கால்களின் மேல் நெஞ்சுயரத்தில் நிற்கும் மரப்பெட்டி அது; உள்ளே வெப்பமானிகள். மூச்சு பட்டால் அளவு ஏறிவிடுமாம். கன்னம் இரண்டும் உப்பியிருக்க, கண்ணை இடுக்கி எண்ணைப் பார்ப்பார். கதவைச் சாத்தி மூன்றடி பின்னால் வந்த பிறகுதான் மூச்சு வெளியே வரும். அதுவரை யார் கூப்பிட்டாலும் பதில் கிடையாது. நான் குடியிருக்கும் மாடியறையின் ஜன்னல் அந்தப் பெட்டிக்கு நேர் மேலே இருக்கிறது. பல் துலக்கிக்கொண்டே தினமும் இதை வேடிக்கை பார்ப்பேன். சில நாள் நானும் சேர்ந்து மூச்சை அடக்கிப் பார்த்திருக்கிறேன். அவர் முடிப்பதற்குள் எனக்கு இருமல் வந்துவிடும்.

கடையில் அவருக்கு விதை நிறுக்கும் வேலை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வானிலைத் துறைக்காரர்கள் பெட்டியைக் கொண்டுவந்து நட்டுவிட்டு, தினமும் பார்த்துக் குறித்துவைக்க ஆள் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். "எப்படியும் ஏழு மணிக்குக் கடை தெறக்க வர்றேன், நானே பாத்துக்கறேன்" என்றாராம். அதற்குச் சம்பளம் கிடையாது. அளவு குறிக்க ஒரு நீளமான நோட்டு கிடைத்தது, அப்புறம் 'போர்டு அக்கா' என்ற பெயர். அறுபது வயதைத் தாண்டிய முதலாளியும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அந்தப் பெயருக்குக் காரணம் கடை வாசலில் இருக்கும் கரும்பலகை. காலையில் முந்தின இரவின் குறைந்த வெப்பத்தையும், மாலையில் வரப்போகும் இரவு எப்படி என்பதையும் அதில் எழுதுவார். கூடவே ஒரு வரி ஆலோசனை. 'துணி காயப்போடலாம். மதியத்துக்குள் எடுத்துவிடவும்.' 'காற்று வடக்கே இருந்து. தொப்பி பறந்தால் என்னைக் கேட்கக் கூடாது.' நகரத்திலிருந்து வரும் முன்னறிவிப்பைப் படித்தால் மட்டும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "சில இடங்களில் உறைபனிக்கு வாய்ப்பாம். எந்த எடம்? என் தம்பி தோட்டமா, அவங்க ஆபீஸ் மொட்ட மாடியா?"

வீட்டில் அவர் பேச்சு எடுபடுவதில்லை. கணவர் லாரி ஓட்டுகிறார். வெயில் கொளுத்தினாலும் குடையோடுதான் கிளம்புவார். "பதினெட்டு வருஷமா என்கூடக் குடித்தனம் பண்றார். ஒருநாளாவது என்னை நம்பிக் குடைய வீட்ல வச்சிட்டுப் போயிருக்காரா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். நான் நழுவிவிட்டேன்.

எங்கள் வட்டாரத்தில் வசந்தம் வந்தால் யாரும் தரையைப் பார்த்து நடக்க மாட்டார்கள். பிளம் மரங்கள் பூத்து நிற்கும் இரண்டு வாரத்தில் ஒரே ஓர் இரவு உறைபனி இறங்கினால் போதும், அந்த வருஷத்துக் காய்ப்பு போச்சு. இந்த வருஷம் அக்காவுக்கு இரட்டைக் கவலை. அவர் தம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் பள்ளத்து நிலத்தில் பிளம் நட்டு ஐந்து வருஷம் ஆகிறது. இப்போதுதான் முதல் தடவையாகக் கிளை தெரியாமல் பூத்திருந்தது.

திங்கள் மாலை பலகையில் 'இன்றிரவு உறைபனி. வைக்கோல் புகை போடவும்' என்று எழுதினார். ஊரே தோட்டத்தில் விழித்திருந்தது. செவ்வாய்க் காலை அவர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முகமெல்லாம் கரியோடு தம்பி பின்பக்கமாக ஓடி வந்தான். "அக்கா! பூ பொழச்சிடுச்சுக்கா!" மைனஸ் மூன்று வரை இறங்கியும் தப்பித்திருக்கிறது. அக்கா கதவைப் பட்டென்று சாத்திவிட்டு, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வாயில் பிரஷ்ஷோடு நானும் ஜன்னலில் நின்று கைதட்டினேன்.

அன்று மாலை மேற்கே மேகம் ஏறியது. 'மேகம் போர்வை போட்டாயிற்று. இன்றிரவு உறைபனி இல்லை. தூங்குங்கள்' என்று எழுதினார்.

"நிச்சயமாக்கா? நகரத்து அறிவிப்புல வாய்ப்பு இருக்குன்னு போட்டிருக்கே" என்றான் தம்பி.

"நான்தான் சொல்றேன்ல, போய்ப் படுடா. ராத்திரி பூரா தூங்காம உன் மூஞ்சியப் பாக்கச் சகிக்கல."

புதன் காலை பெட்டியைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்த பிறகும் அவர் மூச்சு விடவில்லை. மறுபடி திறந்து பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் பலகையில் எழுதினார்: மைனஸ் மூன்று. மூடி மறைக்கலாம் என்ற நினைப்பே அவருக்கு வந்திருக்காது. அங்கே பஸ்ஸுக்காக நின்றிருந்தவர்கள் பலகைப் பக்கம் திரும்பினார்கள். ஒருவர், "மூணாக்கா?" என்று கேட்டார். "என் வாயாலதானே தூங்கச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி தோட்டத்துக்குப் போகச் சைக்கிளை எடுத்தார். தனியாக விட மனமில்லாமல் நானும் என் சைக்கிளில் பின்னால் போனேன். போனேன் என்றால், அவர் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான்.

நான் போனபோது விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. தம்பி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பூ செத்ததா பிழைத்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நகத்தால் பிளந்தால் நடுவில் இருக்கும் சின்னத் தண்டு கறுத்திருந்தால் போச்சு. பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. அவனுக்குக் கை எழவில்லை. அவன் மனைவிதான் ஒரு பூவைப் பறித்துப் பிளந்தாள்.

"அண்ணி, பச்சை."

இன்னொன்றைப் பிளந்தாள். "இதுவும் பச்சைதான் அண்ணி."

"அடிக்கிளையில பாரு. குளிர் கீழதான் தேங்கும்" என்று அக்காவே மண்டி போட்டு உட்கார்ந்தார். பச்சை. அடுத்ததும் பச்சை. மரத்துக்கு மரம் நகர்ந்து பிய்த்துக்கொண்டே போனார். நாற்பது பூவாவது இருக்கும். கடைசியில் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போதும்க்கா. பனி விட்டு வச்சதை எல்லாம் நீ முடிச்சிடுவ போல இருக்கு."

"புல்லுல வெள்ளையே இல்லையே அண்ணி, வெறும் ஈரம்தானே" என்றாள் தம்பி மனைவி. அப்போதுதான் எல்லாரும் குனிந்து பார்த்தோம். உறைபனி விழுந்திருந்தால் புல் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். வழியெல்லாம் அந்தப் புல்லை மிதித்துத்தான் வந்திருந்தோம். எங்களுக்குப் பெட்டியின் மேல் அவ்வளவு நம்பிக்கை! அக்கா ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது.

திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, ஊசி!"

விஷயம் இதுதான். குறைந்த வெப்பத்தைக் காட்டும் குழாய்க்குள் ஒரு கறுப்பு ஊசி இருக்கிறது. குளிர் இறங்க இறங்க அதுவும் இறங்கும்; பிறகு வெயில் ஏறினாலும் இறங்கின இடத்திலேயே நிற்கும். காலையில் அளவைப் பார்த்ததும் குழாயைச் சாய்த்து அதை அப்போதைய வெப்பத்துக்கு நகர்த்தி வைக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் தவறவிடாத வேலை. செவ்வாய்க் காலை, பூ பிழைத்த சந்தோஷத்தில் மறந்துவிட்டார். புதன் காலை அவர் பார்த்தது முந்தின நாள் குளிரை.

திரும்பி வந்ததும் பலகையில் மைனஸ் மூன்றை அழித்துவிட்டு எழுதினார்: 'காலையில் எழுதியது தப்பு. ஊசியை நகர்த்த நான் மறந்துவிட்டேன். பூ பத்திரம்.' அதைப் படித்த பஸ் கூட்டம் ஒரு நிமிஷம் அவரைத் திட்டியது. மறு நிமிஷம் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டது. அடுத்து நோட்டை எடுத்தார். பதினோரு வருஷமாக விடுபடாமல் நிறைந்து வந்த கட்டங்களில், புதன்கிழமைக்கு என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தார். 'தெரியாது' என்று எழுதினார்.

பிறகு பெட்டிக்குப் போனார். கூட வந்த தம்பியும் நானும் பின்னால் நின்றோம். வழக்கம்போல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். ஊசி மைனஸ் மூன்றிலேயே சாதுவாக நின்றிருந்தது. குழாயை மெல்லச் சாய்த்தார். அது வழுக்கிக்கொண்டு போய் ஒன்பதில் நின்றது. கதவைச் சாத்தவில்லை. பின்னால் வரவில்லை. நின்ற இடத்திலேயே, பிடித்து வைத்திருந்த மூச்சு முழுவதையும் பெட்டிக்குள் விட்டார். வெப்பமானிக் கண்ணாடி மங்கிப்போனது.